சீவலைப் பார்க்கக் கற்ற பாதை

1940களின் பின்பாதி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏரிக்கரை ஊரான டிராவர்ஸ் சிட்டியில், ஜான் பார்சன்ஸின் தொழிற்சாலை ஹெலிகாப்டர்களுக்குச் சுழல் இறக்கைகள் செய்துகொண்டிருந்தது. இறக்கையின் குறுக்குவெட்டைச் சரிபார்க்க எஃகுத் தகட்டில் டெம்ப்ளேட் வெட்ட வேண்டும். அந்த வளைவுக்கு வரைபடத்தில் கிடைத்தவை 17 புள்ளிகள்தான். மீதியை வரைவாளர் வளைகோல் வைத்துக் கையால் இழுத்து நிரப்புவார். பார்சன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்த பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், பொறியியல் கணக்குகளை ஐபிஎம் துளையட்டை இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பார்சன்ஸ் அவரிடம் இரண்டு விஷயம் கேட்டார். 17க்குப் பதிலாக 200 புள்ளிகள் கணக்கிட முடியுமா? ஒவ்வொரு புள்ளியையும் கட்டரின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி வைத்துத் தர முடியுமா?

கட்டர் பாதை பிறந்தது அந்த இரண்டாவது கேள்வியில். வரைபடக் கோடு பொருளின் ஓரத்தைச் சொல்லும். ஸ்டூலன் கணக்கிட்டுத் தந்த கோடு, அந்த ஓரத்தை உண்டாக்கக் கட்டரின் மையம் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது. எண்கள் நீண்ட அட்டவணைகளாகப் பட்டறைக்கு வந்தன. ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். மில்லிங் மெஷினின் எக்ஸ் கைப்பிடியில் ஒருவரும் ஒய் கைப்பிடியில் ஒருவரும் நின்று, கேட்ட எண்ணுக்குத் திருப்புவார்கள். கட்டர் ஒவ்வொரு புள்ளியிலும் வெட்டும். புள்ளிகளுக்கு நடுவே எஞ்சிய மேடுகளைக் கடைசியில் அரம் போட்டு இறக்கிவிடுவார்கள்.

இன்று வீட்டு மேசையில் சிறிய சிஎன்சி ரவுட்டர் வைத்திருப்பவர் கணினியில் ரஃபிங் பாதை (வேண்டாத பொருளை முதலில் முரட்டாக வெட்டியெடுக்கும் பாதை) என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துகிறாரே, அதன் மூதாதை இந்த அட்டவணைதான். நடுவே கடந்த தூரம் பெரியது. அந்தத் தூரத்தின் பெரும்பகுதியில் இந்தப் பாதை பொருளின் வடிவத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தது என்பதும், உலோகத்தில் புதைந்து உழைக்கும் கட்டரை அது திரும்பிப் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது என்பதும் நான் இங்கே சொல்ல விரும்பும் கதை.

பார்சன்ஸ் டெம்ப்ளேட்டோடு நிற்கவில்லை. வேகமான போர் விமானங்களின் இறக்கைத் தோலை, விறைப்புக் கட்டைகளோடு சேர்த்து ஒரே தடித்த அலுமினியப் பலகையிலிருந்து குடைந்தெடுக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது தொடங்கியிருந்தது. கைப்பிடி திருப்பி ஆகிற வேலை இல்லை அது. 1949இல் அமெரிக்க விமானப்படை அவருக்கு ஒப்பந்தம் தந்தது. மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் நுட்பத்துக்காக அவர் எம்ஐடியின் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்தை நாடினார். நாளடைவில் திட்டமே அவர் கையை விட்டு அங்கே போய்விட்டது. 1952 செப்டம்பரில், சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் என்ற பெரிய செங்குத்து மில்லிங் மெஷினைக் காகித நாடாவில் துளையிட்ட எண்கள் மட்டுமே இயக்கிக் காட்டின. நாடாவைப் படித்து மூன்று அச்சுகளையும் ஒருங்கே நகர்த்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி வால்வுகளாலும் ரிலேக்களாலும் நிறைந்திருந்தது.

நாடாவில் எண்களைத் தயாரிப்பது அடுத்த தலைவலி. ஒரு பொருளை வெட்டுவதைவிட அதற்கான எண்களைக் கணக்கிடப் பல மடங்கு நேரம் போனது. எம்ஐடியில் டக்ளஸ் ராஸ் தலைமையில் உருவான ஏபிடி என்ற கணினி மொழி அந்தச் சுமையை இறக்கியது. 1959 பிப்ரவரியில் அதை அறிமுகப்படுத்திய செய்தியாளர் கூட்டத்தில், ஏபிடி எழுதிய பாதையில் வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணங்களை வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். கிண்ணத்தைக் கையில் வாங்கியவர் வியந்தது அதன் வளைவைத்தான். கட்டியிலிருந்து குடைந்தெடுத்து வெளியே போன உலோகத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த வெளியே போன உலோகத்தைப் பற்றி யோசித்தவர்களின் பரம்பரை வேறு. அது பார்சன்ஸுக்கு வெகு முன்னால் தொடங்குகிறது. 1880இல் ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகாலையில் ஃபிரெடெரிக் டெய்லர் லேத் முன்னால் நின்று ஒரு சோதனை வரிசையைத் தொடங்கினார். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தது 26 ஆண்டுகள் ஓடியது. 8 லட்சம் பவுண்டு எஃகும் இரும்பும் அந்தச் சோதனைகளில் சீவலாக உதிர்ந்தன. 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத் தலைவராக அவர் வாசித்த ‘உலோகம் வெட்டும் கலை’ என்ற நீண்ட உரை அதன் விளைச்சல். தொழிலாளியை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தவர் என்று டெய்லர் மீது இருக்கும் வழக்கு வேறு, அது நியாயமான வழக்கும்கூட. ஆனால் இந்த உரையைப் படிக்கும்போது தெரிவது சீவலின் பருமனையே இரவு பகலாக உற்றுப் பார்த்த ஒரு மனிதர். அவர் அளந்ததில் பெரும்பங்கு ரஃபிங் வெட்டு. உளியின் மூக்கு ஏன் வளைந்திருக்க வேண்டும், சீவல் மெலிந்தால் வேகத்தை எவ்வளவு கூட்டலாம், வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாரையாக ஊற்றினால் என்ன லாபம் என்று எல்லாவற்றையும் எண்ணாக எழுதிவைத்தார்.

1941இல் சின்சினாட்டி மில்லிங் மெஷின் நிறுவனத்தின் மார்ட்டலாட்டி அதே பார்வையை மில்லிங் பக்கம் திருப்பினார். சுழன்றுகொண்டே முன்னேறும் கட்டரின் ஒவ்வொரு பல்லும் என்ன வளைவில் போகிறது, அது அறுத்தெடுக்கும் சீவல் எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பதற்கு அவர் சூத்திரம் தந்தார். பல்லின் வழி வட்டம் போலத் தோன்றினாலும் உண்மையில் அது டிரோகாய்ட் என்ற வளைவு. எம்ஐடி மெஷினும் இந்த ஆய்வும் ஒரே சின்சினாட்டி நிறுவனத்திலிருந்து வந்தவை. ஆனாலும் பாதை எழுதியவர்களின் கணக்குக்குள் சீவலின் கணக்கு நுழையவே இல்லை. சீவல் பட்டறைக்காரர் கவலையாகவும், வடிவம் கணிதக்காரர் கவலையாகவும் பிரிந்தே கிடந்தன.

அந்தப் பிரிவின் விலை பாக்கெட் வெட்டும்போது தெரிந்தது. ஒரு கட்டியின் நடுவே சதுரக் குழி எடுக்க வேண்டும். பாதை எழுதுபவர்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இடமும் வலமுமாகப் போய்த் திரும்பும் ஜிக்ஜாக். இன்னொன்று, குழியின் ஓரத்தையே உள்நோக்கிச் சுருக்கிச் சுருக்கி வரையும் அடுக்குக் கோடுகள். இரண்டாவதைப் பிழையில்லாமல் கணக்கிடுவது கடினம். சுருங்கும் கோடுகள் தம்மைத் தாமே வெட்டிக்கொள்ளும், தீவுகள் பிரியும். ஆஸ்திரியரான மார்ட்டின் ஹெல்ட் 1991இல் இதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அழகான வடிவக் கணிதம். ஆனால் அந்தக் கோடுகளில் நடக்கும் கட்டருக்கு என்ன நேர்கிறது?

நேர்க்கோட்டில், ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நகரும் தூரத்தை, அதாவது ஸ்டெப்ஓவரை, விட்டத்தில் பாதி அளவு வைத்துப் போகும் கட்டரின் சுற்றளவில் 90 டிகிரி உலோகத்துக்குள் இருக்கும். இதைக் கடிகோணம் என்று வைத்துக்கொள்வோம். கட்டர் சதுரமான உள்மூலைக்கு வந்ததும் எதிரிலும் சுவர், பக்கத்திலும் சுவர். கடிகோணம் ஒரு நொடிக்குள் 180 டிகிரிக்குத் தாவுகிறது. ஏர் ஓட்டுபவர் வயல் மூலையில் கலப்பையைத் தூக்கித் திருப்பிப் போடுவார், கட்டருக்குத் தூக்கிவிட ஆளில்லை. முன்னேறும் வேகமான ஃபீடு குறையாமல், இரட்டிப்புச் சுமையோடு மூலையில் திரும்பியாக வேண்டும். பாக்கெட்டின் முதல் வெட்டில் இன்னும் மோசம், அங்கே வழி நெடுக 180 டிகிரி. மெஷினில் நிற்பவர் அந்த ஒரு நொடிக்காக மொத்தப் பாதைக்கும் ஃபீடைக் குறைத்து வைப்பார். கட்டர் உடைவது மூலையில், அதற்கான தண்டனை நேர்க்கோடு முழுவதற்கும். பெரிய மெஷின் தன் எடையாலும் குதிரைசக்தியாலும் இதைத் தாங்கிக்கொண்டதால்தான் இத்தனை ஆண்டுகள் யாரும் பாதையைக் குறை சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

2000களின் நடுவில் இரண்டு பரம்பரைகளும் ஒன்றாயின. கலிஃபோர்னியாவின் சர்ஃப்வேர் நிறுவனம் ட்ரூமில் என்ற பெயரில் கடிகோணத்தைக் கட்டுக்குள் வைக்கும் பாதையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஜூலியன் டாட், மார்ட்டின் டுன்ஷன் இருவரின் ஃப்ரீஸ்டீல் என்ற சிறு நிறுவனம் அடாப்டிவ் கிளியரிங் என்ற நிரலை எழுதியது. பாக்கெட்டின் ஓரத்தைச் சுருக்குவதை இவர்கள் விட்டுவிட்டார்கள். கட்டரை ஓரடி முன்னால் வைத்துப் பார், எவ்வளவு உலோகத்தைக் கடிக்கிறது என்று அள. கூடினால் சற்று விலகு, குறைந்தால் சற்று நெருங்கு. அப்படி அடி அடியாக நடந்து கிடைத்த பாதையில் மூலைக்குள் நேரே பாய்வது கிடையாது. மூலையைச் சின்னச் சின்ன வளைவுகளாகப் பலமுறை சுரண்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் கட்டரைச் சற்றே உயர்த்தித் திரும்பி வரும். திரையில் பார்த்தால் ஒழுங்கில்லாத சுருள்கள் போலத் தெரியும். ஆனால் மெஷின் அருகில் நின்று கேட்டால் ஒலி ஏறி இறங்காமல் ஒரே சீராக வரும்.

இதன் லாபம் எளிய கணக்கில் தெரியும். ஸ்டெப்ஓவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் கடிகோணம் சுமார் 37 டிகிரி. அவ்வளவு குறுகிய வில்லில் பல் உலோகத்துக்குள் நுழையும்போது, அது எடுக்கும் சீவலின் அதிகபட்சப் பருமன் ஒரு பல்லுக்கான ஃபீடில் 60 சதவீதம்தான். ஆகவே அதே பருமனில் சீவல் வர வேண்டுமானால் ஃபீடை 1.67 மடங்காக ஏற்ற வேண்டும். ஏற்றலாம் என்று சொல்லவில்லை, ஏற்றியே ஆக வேண்டும். சீவல் மெலிந்துவிட்டால் பல் வெட்டுவதை விட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் அலுமினியம் பல்லின் மீது அப்பிக்கொள்ளும், அப்புறம் கட்டர் ஆணி மாதிரித்தான். டெய்லர் லேத்தில் கண்ட அதே மெலிந்த சீவல், ஒரு நூற்றாண்டு கழித்துப் பாதைக்குள் வந்து உட்கார்ந்தது.

2012இல் ஆட்டோடெஸ்க், இந்த நிரலைத் தன் மென்பொருளில் வைத்திருந்த டென்மார்க்கின் ஹெச்எஸ்எம்ஒர்க்ஸை வாங்கியது. அதன் வழியே அடாப்டிவ் பாதை ஃபியூஷன் 360க்குள் வந்து பொழுதுபோக்கு மெஷின்காரர்களின் கைக்கு எட்டியது. 2019இல் வந்த ஃப்ரீகேடின் 0.18 பதிப்பிலும், யாரும் திறந்து படிக்கக்கூடிய நிரலாக, அடாப்டிவ் பாதை ஒன்று சேர்ந்தது. தொழிற்சாலைகளுக்காக விலை வைத்து விற்ற வித்தை சமையலறை மேசைக்கு வர ஏறக்குறைய பத்தாண்டுதான் ஆனது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏனென்றால் இந்தப் பாதை மிக அதிகமாகத் தேவைப்படுவது அந்தச் சின்ன மெஷினுக்குத்தான்.

சின்ன மெஷினின் உடம்பைப் பாருங்கள். அலுமினியச் சட்டங்கள், பெல்ட் அல்லது மெல்லிய திருகுத்தண்டு, ஸ்டெப்பர் மோட்டார், ஸ்பிண்டிலுக்குத் தச்சரின் ட்ரிம் ரவுட்டர். 2011இல் எட்வர்ட் ஃபோர்டு கிக்ஸ்டார்ட்டரில் வெளியிட்ட ஷேப்போகோ இந்த உடம்பைப் பலர் வீட்டுக்குக் கொண்டுபோனது. அதன் மூளை 2009இல் நார்வேயின் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கிய ஜிஆர்பிஎல். ஆர்டுயினோ பலகையில் வெறும் 2 கிலோபைட் நினைவகத்துக்குள் ஓடும் நிரல் அது. இந்த உடம்பு முரட்டுச் சுமையைத் தாங்காது. மூலையில் சுமை திடீரென்று ஏறினால் சட்டம் வளையும், அல்லது ஸ்டெப்பர் மோட்டார் சில படிகளைத் தவறவிடும். தவறவிட்டது மெஷினுக்குத் தெரியவே தெரியாது. அங்கிருந்து மீதிப் பாதை முழுவதும் இடம் மாறி நடக்கும்.

இங்கே பாதைக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. அடாப்டிவ் பாதை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக வருகிறது. ஜிஆர்பிஎல் ஒரு நேரத்தில் 16 துண்டுகள் வரைதான் முன்னோக்கிப் பார்க்கும். அந்தப் பதினாறின் முடிவில் நின்றுவிட முடிகிற வேகத்துக்கு மேல் போகாது. துண்டு ஒன்று 0.1 மி.மீ. என்றால் கண்ணுக்குத் தெரிவது 1.6 மி.மீ. தூரம். முடுக்கம் நொடிக்கு நொடி 200 மி.மீ. என்று வைத்தால், அந்தத் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம் நிமிடத்துக்குச் சுமார் 1500 மி.மீ. நீங்கள் 1800 என்று எழுதியிருந்தாலும் மெஷின் 1500ஐத் தாண்டாது, வளைவுகளில் அதற்கும் கீழே இறங்கும். ஸ்பிண்டில் மட்டும் அதே வேகத்தில் சுற்றும், சீவல் மெலியும், மறுபடி தேய்ப்பு. இதனால்தான் ரஃபிங்குக்கு டாலரன்ஸை இறுக்கி வைப்பது தவறு. பின்னால் ஃபினிஷிங் வெட்டு வரப்போகிற இடத்தில் 0.01 மி.மீ. நுணுக்கம் எதற்கு? 0.1 மி.மீ. வரை தளர்த்தினால் துண்டுகள் நீளும், மெஷினுக்குத் தூரம் தெரியும், சீவல் பருமனாகவே வரும். திரையில் பாதை சற்றுக் கோணலாகத் தெரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 6061 அலுமினியக் கட்டி, அதில் 70க்கு 40 மி.மீ. குழி, ஆழம் 12. மொத்தம் வெளியேற வேண்டியது 33.6 கன செ.மீ. கையில் 6 மி.மீ. விட்டமுள்ள இரட்டைப் பல் கார்பைடு எண்ட்மில், ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று. பழைய வழக்கப்படி 0.5 மி.மீ. ஆழம், 3 மி.மீ. ஸ்டெப்ஓவர், ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. என்று போனால் ஃபீடு 1080. நிமிடத்துக்கு 1.6 கன செ.மீ. வெளியேறும், வேலை 21 நிமிடம். அடுக்குகள் 24. அத்தனையும் கட்டரின் அடி நுனி அரை மில்லிமீட்டரே வெட்டித் தீர்க்கிறது. காசு கொடுத்து வாங்கிய பல்லின் மீதி நீளம் புதிதாகவே இருக்கும், நுனி மழுங்கிப்போயிருக்கும். அதே கட்டரை 6 மி.மீ. ஆழத்துக்கு இறக்கி, 0.6 மி.மீ. ஸ்டெப்ஓவரில் 1800 ஃபீடு கொடுத்தால் நிமிடத்துக்கு 6.5 கன செ.மீ. போகும். இரண்டே அடுக்குதான். வெட்டாமல் திரும்பிவரும் தூரத்தைச் சேர்த்தாலும் பழைய நேரத்தில் பாதியளவுக்கு வந்துவிடும். தேய்மானமும் பல்லின் நீளத்தில் பரவுகிறது. மெஷின் இன்னும் தளர்வானது என்றால் முதலில் ஸ்டெப்ஓவரைக் குறையுங்கள், ஃபீடில் கை வைப்பது அதற்கப்புறம்.

கட்டர் கட்டிக்குள் இறங்கும் இடத்தைத் தனியாகத் திட்டமிட வேண்டும். நேரே குத்தி இறக்கினால் அடியில் சீவல் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். சுருள் வழியாக, இரண்டு மூன்று டிகிரி சரிவில், கட்டர் விட்டத்தைவிட அகலமான வட்டமாக இறங்க வேண்டும். முடிந்தால் அந்த இடத்தில் முன்கூட்டியே டிரில் போட்டுவிடலாம், பழைய ஃபிட்டர்கள் செய்வது அதைத்தான். ஆழமான குழிக்குள் சீவலை விட்டுவைத்தால் அடாப்டிவ் பாதையால் எந்தப் பலனும் இல்லை. கட்டர் அதே சீவலை மறுபடி மறுபடி அரைக்கும், பாதை போட்ட கடிகோணக் கணக்கு அங்கே செல்லாது. காற்று ஊதுவது தெளித்துக் குளிர்விப்பதைவிட முக்கியம்.

கட்டர் தன்னைப் பிடித்திருக்கும் கோலெட்டிலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும் பாதையின் ஒரு பகுதிதான், எந்த மென்பொருளும் அதைத் தானாகக் கேட்காவிட்டாலும். நீட்டத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒன்றாகும். 6 மி.மீ. தண்டுக்குப் பதில் 8 மி.மீ. தண்டு போட்டால் வளைவு மூன்றில் ஒன்றுக்கும் கீழே. 12 மி.மீ. ஆழத்துக்கு 40 மி.மீ. நீட்டி வைத்துக்கொண்டு அதிர்கிறதே என்று ஃபீடைக் குறைப்பவர்கள் பலர்.

மரத்துக்கு இத்தனை பாடு தேவையில்லை. பாதி விட்ட ஸ்டெப்ஓவரும் சாதாரண அடுக்குக் கோடும் போதும். அங்கே கவலை நார் ஓடும் திசையும் விளிம்பு பிய்வதும்தான்.

சுழலும் திசையோடு கட்டியை இழுத்துக்கொள்ளும் கிளைம்ப் வெட்டுதான் அடாப்டிவ் பாதையின் வழக்கமான நடை. சீவல் தடிப்பில் தொடங்கி மெலிவில் முடிவதால் பல் தேய்ப்பு குறைவு. ஆனால் திருகுத்தண்டில் பேக்லாஷ் (திசை மாறும்போது தெரியும் தளர்வு) உள்ள மெஷினில் கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பல்லுக்குத் தர வேண்டியதைவிட அதிகம் கடித்துவிடும். பழைய கைமெஷின்காரர்கள் கிளைம்ப் வெட்டைத் தொட அஞ்சியது இதனால்தான். வீட்டு மெஷினில் முதலில் பேக்லாஷை அளந்துவிட்டுத்தான் பாதையின் திசையை முடிவுசெய்ய வேண்டும்.

சுவரில் 0.3 மி.மீ., தரையில் 0.2 மி.மீ. விட்டுவிட்டு ரஃபிங் பாதை முடிகிறது. உடனே ஃபினிஷிங்கைத் தொடங்காதீர்கள். உருட்டிச் செய்த அலுமினியத் தகட்டுக்குள் உள்தகைவு அடைபட்டுக் கிடக்கும். பாதி உலோகத்தை எடுத்த பிறகு அது விடுபட்டுக் கட்டி மெல்ல வளையும். வைஸைத் தளர்த்தி, கட்டியை அதன் போக்கில் விட்டு, லேசான பிடியில் மறுபடி இறுக்கி, மூன்று அச்சுகளிலும் பூஜ்யத்தைப் புதிதாகத் தொட்டு எடுத்த பிறகு ஃபினிஷிங் பாதையை ஓட்டுங்கள்.